அமெரிக்க ஃபேமிலி டாக்டருங்க ஏன் இவ்ளோ ஓய்ஞ்சு போறாங்க? பர்ன்அவுட் பத்தி எளிமையா ஒரு விளக்கம்

அமெரிக்காவுல இருக்குற நம்மாளுங்க யாரைக் கேட்டாலும் ஒரு புகார் வந்துரும், "டாக்டர் என் மூஞ்சியவே பாக்கல, கம்ப்யூட்டரையே பாத்து டைப் அடிச்சுக்கிட்டு இருந்தாரு, நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள எழுந்து போயிட்டாரு". புகார் நியாயந்தான். ஆனா அந்த டாக்டர்கிட்ட தனியா உக்காந்து பேசிப் பாத்தா அவருக்கும் இதே புகார்தான் இருக்கும், நானும் பேஷண்ட் மூஞ்சிய பாக்கத்தான் இந்த வேலைக்கு வந்தேன், பாக்க விடமாட்டேங்குறாங்கன்னு. ரெண்டு பேரும் ஒரே விஷயத்துக்குத்தான் வருத்தப்படுறாங்க. அது எங்கேர்ந்து வருதுன்னு கொஞ்சம் விலாவாரியா பாப்போம், மெடிக்கல் பேக்கிரவுண்ட் எதுவும் வேணாம், சாதாரணமா படிச்சாலே புரியும்.

முதல்ல பர்ன்அவுட்னா என்னன்னு பாத்துருவோம். ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர்னு நியூயார்க்ல ஒரு சைக்காலஜிஸ்ட், 1970கள்ல அங்க காசு வாங்காம வைத்தியம் பாக்குற ஒரு கிளினிக்ல இவரும் சேவை பண்ணாரு. ஆசை ஆசையா வந்து சேர்ற வாலண்டியர்ஸ் கொஞ்ச காலத்துல எரிச்சலா, வெறுப்பா, ஒண்ணும் இல்லாம போற மாதிரி ஆகுறத கவனிச்சு 1974ல ஒரு கட்டுரை எழுதுனாரு, அங்கேர்ந்துதான் இந்தப் பேச்சு ஆராய்ச்சி உலகத்துக்குள்ள வந்துச்சு. அப்புறம் கலிஃபோர்னியா பெர்க்லியில கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன்னு ரெண்டு பேர் 1981ல இத அளக்குறதுக்கு 22 கேள்வி இருக்குற ஒரு படிவம் கொண்டு வந்தாங்க, இன்னிக்கும் பெரும்பாலும் அதத்தான் யூஸ் பண்றாங்க. அதுல மூணு விஷயம் பாப்பாங்க. ஒண்ணு, மனசளவுல காலியாப் போறது, காலைல எழும்போதே இன்னிக்கு யாருக்கும் குடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்லன்னு தோணுறது. ரெண்டாவது, எதிர்ல இருக்குறவங்கள ஆளா பாக்காம கேஸா பாக்க ஆரம்பிக்கிறது. மூணாவது, நாம பண்ற வேலையால எதுவும் நடக்கலங்குற நெனப்பு.

இந்த ரெண்டாவதுதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்குற விஷயம். ஏன்னா களைப்பு வெளிய தெரியும், ரெண்டு நாள் தூங்குனா கொஞ்சம் சரியாகும், ஆனா ஒரு நல்ல டாக்டர் மனசுக்குள்ள "ஐயோ, இந்தம்மா மறுபடியும் வந்துட்டாங்களா"ன்னு நெனைக்க ஆரம்பிக்கிறது யாருக்கும் தெரியாது, அவருக்கே கொஞ்ச நாள் கழிச்சுத்தான் தெரியும், தெரிஞ்சப்புறம் நான் கெட்டவனாயிட்டேனோன்னு குற்ற உணர்ச்சி வேற சேந்துக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2019ல இத வேலையால வர்ற ஒரு நிலைமைன்னு தெளிவா சொல்லுச்சு, தனி வியாதின்னு சொல்லல. வேலை இடத்துல நாள்கணக்கா இருந்துக்கிட்டே இருக்குற, சரியா சமாளிக்கப்படாத ஸ்ட்ரெஸ்ஸால வர்றதுன்னு அவங்க விளக்கம். டிப்ரெஷன் வேற, இது வேற, ஆனா ஒண்ணு இருக்குறவங்களுக்கு இன்னொண்ணும் இருக்கலாம், அதனால நாமளே இதுதான்னு முடிவு பண்ணிக்காம ஒரு மனநல டாக்டர பாக்குறதுதான் சரி.

எத்தன பேருக்கு இருக்குன்னு கேப்பீங்க. அமெரிக்க டாக்டருங்க எல்லா பிரிவையும் சேத்து திரும்பத் திரும்ப சர்வே எடுத்துக்கிட்டு வர்ற ஒரு குழு இருக்கு, அவங்க கணக்குல பர்ன்அவுட் அறிகுறி ஒண்ணாவது இருக்குறவங்க 2020ல 38 சதவீதம், 2021 கடைசியில கோவிட் அடிச்ச அடியில 63 சதவீதம் கிட்ட போச்சு, 2023ல திரும்ப 45க்கு எறங்குச்சு. ஆனா இந்த மாதிரி நம்பர பாக்கும்போது ஜாக்கிரதையா இருக்கணும், 2018ல இதப் பத்தி வந்த 182 ஆய்வுகள ஒண்ணா வச்சுப் பாத்தவங்க, பர்ன்அவுட்டுக்கு 142 விதமான வரையறை புழக்கத்துல இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. அதனால நம்பர விட காரணத்தப் பாக்குறதுதான் உபயோகம்.

சரி, ஃபேமிலி டாக்டர்னா யாரு? நம்ம ஊர்ல தெருமுனை கிளினிக் டாக்டர் மாதிரிதான், ஆனா அங்க அது ஒரு தனி ஸ்பெஷாலிட்டி, 1969லயே அதுக்குன்னு தகுதிச் சான்று குடுக்குற போர்டு வந்துருச்சு, மெடிக்கல் காலேஜ் முடிச்சுட்டு மூணு வருஷம் ரெஸிடன்ஸி, அதாவது ஆஸ்பத்திரியில வேலை பாத்துக்கிட்டே எடுக்குற பயிற்சி, பண்ணணும். பொறந்த குழந்தை, கர்ப்பிணி, சுகர் பேஷண்ட், மனசு சரியில்லாதவங்க, தொண்ணூறு வயசு தாத்தா எல்லாரும் ஒரே டாக்டர்கிட்ட. ஒரு டாக்டர் பேர்ல ரெண்டாயிரம் பேர் பதிஞ்சிருக்குறது சர்வ சாதாரணம், ஒவ்வொருத்தருக்கும் பதினஞ்சு இருவது நிமிஷ ஸ்லாட்.

அந்த பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள என்ன நடக்குதுன்னு ஒரு உதாரணம் வச்சுப் பாப்போம். அறுபத்திரெண்டு வயசு அம்மா ஒருத்தங்க, சுகர், பிரஷர், மூட்டு வலி. நர்ஸ் வெயிட், பிரஷர் எல்லாம் பாத்து உள்ள அனுப்புறதுக்குள்ளயே நாலஞ்சு நிமிஷம் போயிடும். டாக்டர் உள்ள வந்து உக்காந்ததும் ஸ்க்ரீன்ல கலர் கலரா நினைவூட்டல், கண் பரிசோதனை பாக்கி, மார்பக எக்ஸ்ரே பாக்கி, தடுப்பூசி பாக்கி, மனச்சோர்வு கேள்வித்தாள் பாக்கி, இது ஒவ்வொண்ணையும் முடிச்சாதான் கிளினிக்கோட தர மதிப்பெண் ஏறும். சுகர் மூணு மாச ஆவரேஜ் 9.1 இருக்கு, மாத்திரை மாத்தணும், புது மாத்திரை எப்படி சாப்பிடணும்னு சொல்லணும், அந்தம்மாவோட இன்சூரன்ஸ் அந்த மாத்திரைக்கு காசு குடுக்குமான்னு பாக்கணும். இதெல்லாம் பேசி முடிச்சு டாக்டர் கதவு கிட்ட போகும்போது அந்தம்மா மெதுவா சொல்வாங்க, "டாக்டர், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், வீட்டுக்காரர் போனதுலேர்ந்து ராத்திரி தூக்கமே வரல". அந்தம்மா வந்ததே அதுக்குத்தான். டாக்டருக்கும் அது புரியுது. திரும்ப உக்காந்தா அடுத்த ஆள் இருவது நிமிஷம் காத்திருப்பாங்க, உக்காரலைன்னா இவங்க மறுபடி வாயத் தொறக்க மாட்டாங்க. ஒரு நாளைக்கு இருவது பேர், இந்த முடிவ எத்தன தடவ எடுக்கணும்னு யோசிச்சுப் பாருங்க. எது செஞ்சாலும் யாருக்கோ குறை வச்ச மாதிரிதான் சாயங்காலம் வீட்டுக்குப் போவாங்க.

இது அந்த ஒரு டாக்டரோட டைம் மேனேஜ்மெண்ட் பிரச்சனை இல்லங்குறதுக்கு ஒரு கணக்கு இருக்கு, பர்ன்அவுட் பத்தி ஒரே ஒரு நம்பர் ஞாபகம் வச்சுக்கணும்னா இத வச்சுக்கோங்க. 2022ல வெளிவந்த ஒரு ஆய்வு, 2500 பேஷண்ட் இருக்குற ஒரு பொது டாக்டர், அமெரிக்காவுல இருக்குற கைட்லைன் எல்லாத்தையும் சரியா ஃபாலோ பண்ணா ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் ஆகும்னு கூட்டிப் பாத்தாங்க. 26.7 மணி நேரம். நாளுக்கே 24 மணி நேரந்தான். வியாதி வராம தடுக்குற வேலைக்கு மட்டும் 14 மணி நேரம், நாள்பட்ட வியாதிக்கு 7, திடீர்னு வர்ற காய்ச்சல் தலைவலிக்கு ரெண்டு, மிச்சம் மூணு மணி நேரத்துக்கு மேல எழுத்து வேலை. அதாவது எவ்ளோ கெட்டிக்காரரா இருந்தாலும் சரி, தினமும் தோத்துத்தான் ஆகணும்னு வேலையோட அமைப்புலயே எழுதி வச்சிருக்கு. ஸ்கூல்லேர்ந்து முதல் மார்க் வாங்கியே பழகுன ஆளுங்க இவங்க, இந்த தோல்விய சிஸ்டம் மேல போடாம தன் மேலயே போட்டுக்குவாங்க, அங்கதான் உள்ளுக்குள்ள அரிக்க ஆரம்பிக்குது.

அடுத்தது கம்ப்யூட்டர். 2009ல ஒபாமா காலத்து பொருளாதார மீட்பு சட்டத்துலயே ஒரு பகுதியா, பேப்பர் ஃபைல விட்டுட்டு எலக்ட்ரானிக் ரெக்கார்டுக்கு மாறுற டாக்டருங்களுக்கு ஊக்கத்தொகை, மாறாதவங்களுக்கு அப்புறமா பிடித்தம்னு கொண்டு வந்தாங்க. நோக்கம் நல்லதுதான், பேப்பர் ஃபைல் தொலைஞ்சு போறது, கையெழுத்து புரியாம மருந்து மாறுறது எல்லாம் கம்மியாகணும்ல. ஆனா அந்த சாஃப்ட்வேர் எல்லாம் பில் போடுறதுக்கு ஏத்த மாதிரி வளந்துச்சு. எவ்ளோ அதிகமா எழுதுறீங்களோ அவ்ளோ பெரிய பில்லுக்கு ஆதாரம்ங்குற மாதிரி விதி பல வருஷம் இருந்துச்சு. ஒரே கம்பெனி சாஃப்ட்வேர பல நாட்டுல யூஸ் பண்றாங்க, ஆனா அமெரிக்க டாக்டர் எழுதுற நோட் மத்த நாட்டு டாக்டருங்க எழுதுறத விட கிட்டத்தட்ட நாலு மடங்கு நீளம்னு 2018ல ஒரு மருத்துவப் பத்திரிகை கட்டுரையில எழுதுனாங்க. அப்போ தப்பு கம்ப்யூட்டர்ல மட்டும் இல்ல, கம்ப்யூட்டருக்குள்ள திணிக்கச் சொன்ன விதிமுறையிலயும் இருக்குன்னுதான அர்த்தம். 2021ல மெடிகேர், அதாவது பெரும்பாலும் வயசானவங்களுக்கான அரசாங்க இன்சூரன்ஸ், அந்த விதிய கொஞ்சம் தளத்துனாங்க, ஆனா பழகுன கை சட்டுன்னு மாறிடாது.

விஸ்கான்சின்ல 142 ஃபேமிலி டாக்டருங்க கம்ப்யூட்டர்ல என்ன பண்றாங்கன்னு அந்த சிஸ்டத்தோட பதிவ வச்சே பாத்து 2017ல ஒரு ஆய்வு போட்டாங்க. வேலை நாள் 11.4 மணி நேரம், அதுல 5.9 மணி நேரம் ரெக்கார்ட் சிஸ்டத்துல. அதுலயும் ஒண்ணரை மணி நேரம் கிட்ட கிளினிக் முடிஞ்சப்புறம். இதுக்கு டாக்டருங்களே வச்ச பேரு பைஜாமா டைம், பசங்கள தூங்க வச்சுட்டு ராத்திரி உடுப்போட உக்காந்து அன்னிக்கு பாக்கி இருக்குற நோட்ட முடிக்கிறது.

எங்க பெரியம்மா பொண்ணு ஒருத்தங்க மிட்வெஸ்ட் பக்கம் ஒரு சின்ன டவுன்ல ஃபேமிலி டாக்டர். அவங்க வீட்டுக்குப் போயிருந்தப்ப நான் பாத்தது, சாப்பாட்டு மேஜையில தட்டு எடுத்து வச்ச இடத்துலயே லேப்டாப் வந்துருச்சு. "என்னக்கா, இன்னுமா வேலை?"ன்னேன். "இன்பாக்ஸ் பாக்கலேன்னா நாளைக்கு ரெண்டு மடங்கா நிக்கும்டி, நீ பேசு, நான் காதுல வாங்கிக்கிறேன்"னாங்க. ஸ்க்ரீன்ல வரிசையா மெசேஜ், ஒருத்தருக்கு மருந்து ரீஃபில், ஒருத்தருக்கு பையன் ஸ்கூல் ஃபுட்பாலுக்கு ஃபார்ம், ஒரு ஸ்பெஷலிஸ்ட் அனுப்புன எட்டு பக்க ரிப்போர்ட், அதுல தேவையானது ரெண்டே வரி, நடுவுல ஒரு ஸ்கேன் ரிசல்ட்ல கட்டி. ரீஃபில் மெசேஜும் கட்டி இருக்குற ரிசல்ட்டும் ஒரே சைஸ் எழுத்துல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா இருந்துச்சு. நான் சொன்னது எதையும் அவங்க காதுல வாங்கல, வாங்கவும் முடியாது.

இந்த இன்பாக்ஸ் இவ்ளோ பெருசானதுக்கு கோவிட் ஒரு காரணம், அப்போதான் எல்லாரும் போர்ட்டல்ல, அதாவது பேஷண்ட் தன் ரெக்கார்ட பாத்து டாக்டருக்கு எழுதுற வெப்சைட்ல, மெசேஜ் போட பழகுனாங்க, அந்தப் பழக்கம் அப்புறம் போகல. 2021 ஏப்ரல்லேர்ந்து டெஸ்ட் ரிசல்ட்ட பேஷண்ட்கிட்டேர்ந்து தடுத்து வைக்கக் கூடாதுன்னு விதியும் வந்துச்சு, அதனால டாக்டர் பாக்குறதுக்கு முன்னாடியே பேஷண்ட் பாத்துடுறாங்க, சிவப்பு எழுத்துல ஒரு நம்பர பாத்து பயந்து ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ். என் உடம்பு ரிசல்ட்ட நான் பாக்குறது என் உரிமை, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அந்த மெசேஜுக்கு பதில் சொல்ற நேரத்த யாரும் டாக்டரோட ஷெட்யூல்ல ஒதுக்கல, அதுக்கு பெரும்பாலும் காசும் கிடையாது, அதுதான் சிக்கல்.

அப்புறம் இன்சூரன்ஸ். டாக்டர் ஒரு மருந்தோ ஸ்கேனோ எழுதுனா இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட முன் அனுமதி வாங்கணும், அத ப்ரயர் ஆத்தரைசேஷன்னு சொல்வாங்க. அமெரிக்க மெடிக்கல் அசோசியேஷன் வருஷா வருஷம் எடுக்குற சர்வேல ஒரு டாக்டருக்கு வாரத்துக்கு சுமார் 40 அனுமதி கோரிக்கை, டாக்டரும் ஸ்டாஃபும் சேந்து பன்னெண்டு பதிமூணு மணி நேரம் இதுக்கே போகுதுன்னு வருது. அந்த பேஷண்ட நேர்ல பாக்காத ஒருத்தர்கிட்ட ஃபோன்ல, ஏன் இவங்களுக்கு இந்த மருந்து வேணும்னு கெஞ்சாத குறையா விளக்கணும். வெண்டி டீன், சைமன் டால்பட்னு ரெண்டு டாக்டருங்க 2018ல ஒரு கட்டுரையில இதெல்லாம் சேத்து, டாக்டருங்களுக்கு நடக்குறத வெறும் களைப்புன்னு சொல்லாதீங்க, சரின்னு தெரிஞ்சத செய்ய விடாம தடுக்கும்போது மனசாட்சிக்கு படுற காயம் இதுன்னு எழுதுனாங்க. எனக்கு அது ரொம்ப சரியா படுது.

காசு விஷயம் சுருக்கமா. மெடிக்கல் காலேஜ் கடனோட வெளிய வர்றவங்களுக்கு கடன் சராசரியா ரெண்டு லட்சம் டாலர் பக்கம் இருக்கு, ஆனா பேமெண்ட் முறை கத்தி வைக்கிறதுக்கும் குழாய் விடுறதுக்கும் அதிகமா குடுக்கும், உக்காந்து பேசுறதுக்கு கம்மியாத்தான் குடுக்கும். அதனால ஃபேமிலி டாக்டர் சம்பளம் ஸ்பெஷலிஸ்ட விட நல்லா கீழ, அத ஈடுகட்ட ஆளுங்கள வேகமா பாத்து அனுப்பணும். இதுல பெண் டாக்டருங்களுக்கு இன்னும் அடி. 2020ல வந்த ஒரு பெரிய ஆய்வுல பெண் டாக்டருங்க ஒவ்வொரு பேஷண்ட்கிட்டயும் ஆண்கள விட 2.4 நிமிஷம் அதிகமா செலவு பண்றாங்க, அதனாலயே அவங்க கொண்டு வர்ற வருமானம் கிட்டத்தட்ட 11 சதவீதம் கம்மின்னு வந்துச்சு. பொறுமையா கேட்டதுக்கு தண்டனைன்னுதான் இத சொல்லணும்.

முன்னாடியெல்லாம் சொந்த கிளினிக் வச்சிருந்தாங்க, இப்ப அமெரிக்க டாக்டருங்கள்ல பாதிக்கும் கம்மியானவங்கதான் பிரைவேட் பிராக்டிஸ்ல, மிச்சப் பேர் ஆஸ்பத்திரிக்கோ பெரிய கம்பெனிக்கோ வேலை பாக்குறாங்க. எத்தன பேர பாக்கணும், எத்தன நிமிஷம், யார் கூட வேலை செய்யணும், எதுவும் அவங்க கையில இல்ல. வேலை கஷ்டமா இருந்தாலும் நம்ம கட்டுப்பாட்டுல இருந்தா மனுஷன் தாங்கிடுவான், கட்டுப்பாடும் போச்சுன்னா தாங்க மாட்டான்.

இந்த இடத்துல நம்மாளுங்க கதை ஒண்ணு இருக்கு, இத யாரும் அதிகமா பேசுறதில்ல. சென்னையிலயோ மதுரையிலயோ எம்பிபிஎஸ் முடிச்சுட்டு பயிற்சிக்கு வர்றவங்களுக்குக் குடுக்குற ஜே1 விசாவுல அமெரிக்கா போய் ரெஸிடன்ஸி பண்றவங்க, முடிச்சதும் ரெண்டு வருஷம் ஊருக்குத் திரும்பணும், திரும்பாம இருக்கணும்னா டாக்டர் பத்தாக்குறை இருக்குற பகுதியில மூணு வருஷம் வேலை பாக்க ஒத்துக்கணும். செனட்டர் கென்ட் கான்ராட் பேர்ல 1994ல வந்த திட்டம் இது, இப்ப மாநிலத்துக்கு வருஷம் 30 பேர். அந்த ஊர்களுக்கு இது பெரிய உதவி, எத்தனையோ கிராமத்துல இருக்குற ஒரே டாக்டர் இப்படி வந்தவங்கதான். ஆனா அந்த டாக்டர் நிலைமையில இருந்து பாருங்க, வேலை ஒத்து வரலைன்னா சட்டுன்னு விட முடியாது, விட்டா விசா போச்சு, மூணு வருஷம் முடிஞ்சாலும் இந்தியால பொறந்தவங்களுக்கு கிரீன் கார்டு வரிசை பல வருஷம் நீளும். களைச்சுட்டேன்னு மேனேஜர்கிட்ட சொல்றதுக்கே யோசிப்பாங்க.

சொல்லவே பயப்படுறதுங்குறது விசாக்காரங்களுக்கு மட்டும் இல்ல. பல மாநிலத்துல லைசென்ஸ் ஃபார்ம்லயே உங்களுக்கு எப்பவாவது மனநல சிகிச்சை நடந்துருக்கான்னு கேள்வி இருந்துச்சு. ஆமான்னு போட்டா வேலைக்கு ஆபத்து வருமோன்னு பயந்து சிகிச்சைக்கே போகாம இருப்பாங்க. 2020 ஏப்ரல்ல, நியூயார்க்ல வேலை பாத்த லோர்னா பிரீன்னு ஒரு எமர்ஜென்சி டாக்டர் தற்கொலை பண்ணிக்கிட்டாங்க, அவங்க குடும்பம் விடாம பேசுனதால 2022 மார்ச்ல அவங்க பேர்லயே ஒரு சட்டம் வந்துச்சு, மருத்துவ ஊழியர்களோட மனநலத்துக்கு நிதி ஒதுக்குறதுக்கு. அதே குடும்பம் நடத்துற அமைப்பு இந்தக் கேள்விகள எடுக்கச் சொல்லி போராடி, நெறைய மாநிலம் எடுத்துருச்சு. இத படிக்கிறவங்கள்ல யாராவது டாக்டரா இருந்து உள்ளுக்குள்ள ரொம்ப இருட்டா இருந்தா, தயவு செஞ்சு இன்னிக்கே ஒருத்தர்கிட்ட பேசுங்க.

சரி, தீர்வு? பல ஆஸ்பத்திரில முதல்ல கை வைக்கிறது யோகா கிளாஸ், தியான ஆப், மன உறுதி பயிற்சி. யோகா நல்லதுதான், நான் எதிரி இல்ல. ஆனா 26.7 மணி நேர வேலைய மூச்சுப்பயிற்சி குறைக்காது, அந்த கிளாஸுக்குப் போற ஒரு மணி நேரமும் பைஜாமா டைம்லதான் சேரும். அமெரிக்காவோட சர்ஜன் ஜெனரலா, அதாவது பொது சுகாதாரத்துக்கு அரசோட தலைமை டாக்டரா, இருந்த விவேக் மூர்த்தி 2022 மே மாசம் மருத்துவ ஊழியர் பர்ன்அவுட் பத்தி தனி எச்சரிக்கை அறிக்கையே விட்டாரு, அதுலயும் வேலை இடத்த மாத்துங்கன்னுதான் அழுத்திச் சொல்லிருந்தாரு.

வேலைய குறைச்சா என்ன ஆகும்ங்குறதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் ஹவாயில நடந்தது. அங்க ஹவாய் பசிபிக் ஹெல்த்னு ஒரு ஆஸ்பத்திரி குழுமம், ஊழியர்கள்கிட்ட ரெக்கார்ட் சிஸ்டத்துல தேவையே இல்லாம பண்ற வேலை எதுன்னு எழுதிக் குடுங்க, எடுத்துடுறோம்னாங்க. நூத்துக்கும் மேல வந்து குவிஞ்சுது. அதுல ஒண்ணு, நர்ஸுங்க மணிக்கொரு தடவ ரவுண்ட்ஸ் போனதா பதியுற ஒரு க்ளிக், ஒரு தடவைக்கு 24 செகண்ட்தான், ஆனா நாலு ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் பாத்தா மாசத்துக்கு சுமார் 1700 மணி நேரம். எடுத்துட்டாங்க. 2018ல இது மெடிக்கல் பத்திரிகையில வந்து எல்லாருக்கும் தெரிஞ்சுது.

அதே 26.7 மணி நேர ஆய்வுலயும் ஒரு நம்பிக்கை இருக்கு, நர்ஸ், பார்மசிஸ்ட், டயட்டீஷியன், கவுன்சிலர்னு ஒரு டீமா வேலைய பிரிச்சுக்கிட்டா டாக்டர் பங்கு 9.3 மணி நேரமா எறங்கும்னு அவங்களே கணக்கு போட்டுருக்காங்க. இப்ப டாக்டரும் பேஷண்டும் பேசுறத கேட்டு தானே நோட் எழுதுற ஏஐ கருவி நெறைய எடத்துல வந்துருச்சு, டைப்பிங் குறையுதுன்னு டாக்டருங்க சந்தோஷப்படுறாங்க. என் பயம் ஒண்ணுதான், மிச்சமாகுற நேரத்துல இன்னும் ரெண்டு பேஷண்ட்ட சேத்து விட்டா பழைய கதைதான். இன்சூரன்ஸே வேணாம்னு மாசச் சந்தா வாங்கிக்கிட்டு சில நூறு பேர மட்டும் பாக்குற டாக்டருங்களும் இருக்காங்க, அவங்க நிம்மதியா இருக்காங்க, ஆனா ரெண்டாயிரம் பேர் லிஸ்ட்ல மிச்சம் ஆயிரத்து சொச்சம் பேர் வேற டாக்டர் தேடி அலையணும், ஏற்கனவே பத்தாக்குறை.

அதனால பேமெண்ட மாத்துறதுதான் வேர்ல கை வைக்கிறதுன்னு நான் நெனைக்கிறேன். மெடிகேர் 2024 ஜனவரிலேர்ந்து ஒரே பேஷண்ட தொடர்ந்து பாத்துக்குற டாக்டருக்கு ஒவ்வொரு விசிட்டுக்கும் பதினாறு டாலர் பக்கம் கூடுதலா குடுக்க ஆரம்பிச்சாங்க. 2025லேர்ந்து நேர்ல வந்தாலும் வராட்டியும் பேஷண்டுக்கு மாசம் இவ்ளோன்னு ஒரு தொகை வாங்கிக்கவும் வழி பண்ணிருக்காங்க, சிக்கல் அதிகமா இருக்குற பேஷண்டுக்கு தொகையும் அதிகம். ஃபோன் பேசுறது, மெசேஜுக்கு பதில் போடுறது, ஸ்பெஷலிஸ்ட் ரிப்போர்ட்ட படிச்சு ஒண்ணா சேக்குறது, இது வரைக்கும் ராத்திரி சும்மா செஞ்ச வேலை எல்லாம் இதுல சேரும். இப்போதைக்கு தொகை சின்னதுதான், பிரைவேட் இன்சூரன்ஸ்காரங்களும் இதே வழிக்கு வந்தா ஒரு கிளினிக் அந்தக் காசுல இன்பாக்ஸ் பாக்குறதுக்குன்னே ஒரு நர்ஸ வேலைக்கு வச்சுக்க முடியும்.